கார்டு கடனுக்கு வீட்டுப் பத்திரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் 'சுவாதீன அறிவிப்பு' என்ற தலைப்பில், கடன் கட்டாதவர்களின் வீட்டைக் கடன் கொடுத்தவர்கள் கைப்பற்றியதாகச் சொல்லும் விளம்பரங்கள் பொடி எழுத்தில் வருகின்றன. கடன் வாங்கியவர் பெயர், பாக்கித் தொகை, சர்வே எண், நிலத்தின் நான்கு எல்லை. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படிக்கிறேன். 2024 தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு அதில் எங்கள் வீடு வந்தது. வடக்கே 20 அடி கிழமேல் ரோடு, கிழக்கே பக்கத்து வீட்டு அக்காவின் மாமனார் பெயர், எல்லாம் பத்திரத்தில் இருக்கிற மாதிரியே. அன்று காலை ஒன்பது மணிக்கு அந்த அக்கா பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "ஏனுங் கண்ணு, எங்க மாமா பேரு எதுக்குப் பேப்பர்ல வந்துருக்குது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அறிவிப்புக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அனுபவித்தவள் எழுதினால் நாலு குடும்பத்துக்காவது உதவும் என்றுதான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கிறது. சுருக்கினால் கணக்கு புரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம். 1998-இல் என் அப்பா என் பேருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த மூன்று சென்ட் இடம். 2014-இல் பத்து லட்சம் வீட்டுக் கடன் வாங்கி அதில் வீடு கட்டினோம். மாதம் 10,900 தவணை. கீழே முன்பக்கம் வீட்டுக்காரர் நான்கு தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்தினார். இரண்டு ஓவர்லாக், இரண்டு பேட்லாக். நான் பிசிர் வெட்டுவேன், செக்கிங் பார்ப்பேன், கணக்கு நோட்டும் என்னிடம்தான்.

இந்த ஊர்த் தொழில் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பீஸ் கொடுத்த கம்பெனியில் பணம் வர அறுபது நாள், தொண்ணூறு நாள் ஆகும். தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுத்தே ஆகவேண்டும். நடுவில் இருக்கிற அந்த இரண்டு மூன்று மாதத்தைத்தான் கடனால் அடைத்துக்கொண்டு வந்தோம். முதலில் என் நகை. பிறகு பெர்சனல் லோன். பிறகு கார்டைக் கடையில் தேய்த்து, கமிஷன் போக ரொக்கம் வாங்கிச் சம்பளம். 2020 கொரோனாவில் மிஷின் ஓடாமல் நின்றது. அப்போது ஆறு மாதம் தவணை கட்ட வேண்டாம் என்றார்கள். வட்டி மட்டும் நிற்கவில்லை, அசலில் ஏறிக்கொண்டது. அடுத்த ஆண்டு நூல் விலை ஏறி, பீஸ் வரத்துப் பாதியானது.

2022 ஜனவரியில் என் நோட்டில் இருந்த கணக்கு இது. வீட்டுக் கடன் பாக்கி 7,34,000. பெர்சனல் லோன் 3,10,000, அதற்குத் தவணை 12,400. இரண்டு கிரெடிட் கார்டில் 2,86,000, மினிமம் மட்டுமே 14,300. நகைக் கடன் 1,90,000, வட்டி மாதம் 1,600. தெரிந்தவரிடம் புரோநோட்டில் வாங்கியது 1,20,000, நூற்றுக்கு மூன்று வட்டி, மாதம் 3,600. மொத்தக் கடன் 16,40,000. மாதம் வெளியே போவது 42,800.

தைப்பூசத்துக்கு மறுநாள் ஒரு ஏஜெண்ட் தம்பி வீட்டுக்கு வந்தார். மரியாதையான பையன், டீ கூட வேண்டாம் என்றார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் கிழித்த தாளை எடுத்து அதன் பின்பக்கம் எழுதிக் காட்டினார். எல்லாக் கடனையும் ஒன்றாக்கி வீட்டின்மேல் 18 லட்சம், 15 வருடம், 9.5 வட்டி, தவணை 18,796. கீழே ஒரு கோடு போட்டு "மாதம் 24,000 மிச்சம்" என்று எழுதி வட்டம் போட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் எழுதிய ஒரு எண்ணும் பொய்யில்லை. 15 வருடத்தில் மொத்தம் கட்டுவது 33,83,000 என்பதை மட்டும் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாதம் 42,800 தேடி நாய் படாத பாடு பட்டவர்களுக்கு 18,796 என்ற எண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

புதிதாகக் கடன் கொடுத்த இடத்தில் பழைய வீட்டுக் கடனை டேக்ஓவர் செய்து, அதாவது அடைத்துத் தங்களிடம் மாற்றிக்கொண்டு, மீதியை வீட்டுக்காரர் கணக்கில் போட்டார்கள். முழு 18 லட்சம் வரவில்லை. பிராசஸிங் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 21,240. வக்கீல் பார்வைக்கும் வேல்யூவருக்கும் 8,500. ரிஜிஸ்டர் ஆபீஸில் பத்திரம் ஒப்படைத்த ஆவணத்துக்கு முத்திரைத் தீர்வை 9,000, பதிவுக் கட்டணம் 6,000. கடனுக்கு இன்சூரன்ஸ் என்று 48,000. அது கட்டாயம் என்றார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. கடன்களையெல்லாம் அடைத்தது போக எங்கள் கையில் நின்றது 67,260 ரூபாய்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டை விரல் வைத்து, கேமராவைப் பார்த்து உட்கார்ந்தேன். ஆவணம் முழுக்க ஆங்கிலம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. என் அப்பா கொடுத்த பத்திரத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்று நான் என்ன செய்தேன் என்று இரண்டரை வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கிரெடிட் கார்டுக்கும் பெர்சனல் லோனுக்கும் நாங்கள் எந்தச் சொத்தையும் ஈடாகக் கொடுக்கவில்லை. கட்டாமல் விட்டால் போன் மேல் போன் வரும், ஆள் வருவார்கள், சிபில் ஸ்கோர் விழும். ஆனால் வீட்டைத் தொட வேண்டுமென்றால் அவர்கள் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, நம் பக்கத்தையும் கேட்டு, டிக்ரி வாங்கி, அதற்குப் பிறகுதான் வரமுடியும். வீட்டின்மேல் வாங்கிய கடனுக்கு அந்தப் படிகள் கிடையாது. 2002-இல் வந்த சர்ஃபேசி சட்டப்படி 90 நாள் தவணை நின்றால் வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்குள் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே சுவாதீனம் எடுக்கலாம். ஆளை வெளியேற்ற வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு கேட்பார்கள், அவ்வளவுதான். அதாவது சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் கார்டு தேய்த்த கடன், வீட்டு வாசலுக்கு வெளியே நின்றிருந்த கடன். அதை நாங்களே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பூஜை அறையில் உட்கார வைத்தோம். அந்த ஏஜெண்ட் சொல்லவில்லை, கையெழுத்து வாங்கிய அதிகாரி சொல்லவில்லை, ஆவணம் எழுதியவரும் சொல்லவில்லை.

முதல் வருடம் நிம்மதியாக இருந்தோம். அதை மறைக்கமாட்டேன். நகை வீட்டுக்கு வந்தது, நான்கு வருடம் கழித்து என் வளையலைப் போட்டுக்கொண்டு தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குப் போனேன். வீட்டுக்காரர் இரவில் தூங்கினார். ஆனால் கார்டுகளைப் பைசல் செய்தோமே தவிர, ரத்து செய்யவில்லை. 'நேரத்துக்குக் கட்டியதற்கு' லிமிட்டைக்கூட உயர்த்தினார்கள். மிச்சமான 24,000 தனியாக நிற்கவில்லை. மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தான், மிஷினுக்கு மோட்டார் மாற்றினோம், சனிக்கிழமையும் வந்துகொண்டே இருந்தது. 2023 தீபாவளிக்குள் இரண்டு கார்டிலும் சேர்ந்து மறுபடி 1,95,000. பழைய கார்டுக் கடன் வீட்டின்மேல் இருக்க, புதிய கார்டுக் கடன் அதன் பக்கத்தில்.

நடுவில் இன்னொன்று. 2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போய், 2023 பிப்ரவரியில் 6.5-இல் நிறுத்தியது. எங்களுக்கு அந்த மாதம் ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. வட்டி 12 சதவீதம், தவணையில் மாற்றமில்லை. தவணை மாறவில்லையே என்று நாங்கள் சும்மா இருந்துவிட்டோம். ஸ்டேட்மென்டை எடுத்துப் பார்த்த அன்றுதான் தெரிந்தது. அசல் பாக்கி 17,43,000. கட்டிய 18,796-இல் வட்டிக்கு 17,430, அசலுக்கு 1,366. 2037-இல் முடிய வேண்டிய கடன் 2045-க்குப் போயிருந்தது. கடன் முடியும்போது வீட்டுக்காரருக்கு 75 வயது ஆகியிருக்கும். அந்த 1,366 என்ற எண்ணைப் பென்சிலால் வட்டம் போட்டு அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டார்.

2024 மார்ச்சில் ஒரு கம்பெனி எங்களுக்குத் தரவேண்டிய 2,30,000 நின்றுபோனது. தவணை நின்றது. ஜூலையில் 60 நாள் நோட்டீஸ் வந்தது, ஆங்கிலத்தில். மகன் படித்துச் சொன்னான். அந்த 60 நாளுக்குள் நாம் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அதற்கு 15 நாளுக்குள் அவர்கள் பதில் தந்தே ஆகவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. ஆட்சேபம் என்று பெரிதாக எதுவும் வேண்டியதில்லை, நிலைமையைச் சொல்லி அவகாசம் கேட்டாவது ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பயத்தில் போனை எடுக்காமல் இருந்தோம். அக்டோபரில் இரண்டு பேர் வந்து கேட்டில் பசை தடவி அறிவிப்பை ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் பேப்பரில். இரண்டு பத்திரிகையில் வெளியிட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் உங்கள் தாளுக்கு வருகிறது.

மகனின் நண்பன் அம்மா சொல்லி, கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அங்கிருந்த வக்கீலம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து தமிழில் விளக்கினார். சுவாதீன நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கோயம்புத்தூர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்றார். உங்கள் விஷயத்தில் நிலுவையைக் கட்டி கணக்கை நேராக்குவதுதான் நல்லது என்றும் சொன்னார். எட்டுத் தவணை 1,50,368, அபராதமும் நோட்டீஸ் செலவும் சேர்த்து 1,74,000. நான்கு மிஷினையும் விற்றோம். வந்தது போதவில்லை. வளைகாப்புக்குப் போட்டுப் போன அதே வளையலையும் விற்றேன். வீடு தப்பியது. வீட்டுக்காரர் இப்போது ஒரு கம்பெனியில் லைன் டெய்லர். பவர் டேபிள் இருந்த இடத்தில் சைக்கிள் நிற்கிறது.

வீட்டின்மேல் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதம் மூன்றரை வட்டிக் கார்டையும் மூன்று வட்டிப் புரோநோட்டையும் வைத்துக்கொண்டு யாரும் கரையேற முடியாது. அவற்றைக் குறைந்த வட்டிக்கு மாற்றியது சரிதான். அவற்றோடு சேர்க்கக் கூடாததையும் சேர்த்ததுதான் எங்கள் தவறு. பெர்சனல் லோன் இன்னும் 31 தவணையில், ஏறக்குறைய 3,80,000 கட்டியதோடு, 2024 ஆகஸ்டில் முடிந்திருக்கும். அதே 3,10,000-ஐப் பதினைந்து வருடத்துக்கு நீட்டினால், வட்டி ஏறாமலே இருந்தாலும் 5,82,000. வீட்டுக் கடனும் 2030 நடுவில் முடிந்திருக்கும்.

நான் பிற்பாடு நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக் கடன் வாங்கிய பழைய இடத்திலேயே கார்டுக்கும் புரோநோட்டுக்கும் மட்டும் 4,06,000 டாப்-அப், அதாவது அதே வீட்டின்மேல் கூடுதல் கடன், வாங்கி ஐந்து வருடத்தில் கட்டியிருந்தால், 9.5 வட்டிக்குத் தவணை 8,527. மற்றவற்றோடு சேர்த்து மாதம் 33,400 சுமார். இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். அதுவும் வீட்டின்மேல்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2024-இல் ஒன்று, 2027-இல் ஒன்று, 2030-இல் ஒன்று என்று ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கும். எங்கள் ஏஜெண்ட் பழைய இடத்தில் டாப்-அப் கிடைக்காது என்றார். நாங்கள் போய்க் கேட்டுப் பார்க்கவே இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டதில் ஆர்டர் நின்று தடுமாறிய யூனிட்காரர்கள் எங்கள் வீதியில் மட்டுமே நாலைந்து பேர். அந்த வீடுகளுக்கு இப்போது ஏஜெண்டுகள் வருகிறார்கள். 'எல்லாக் கடனும் ஒரே தவணை' என்று எழுதிய நோட்டீஸ் பேப்பருக்குள் வைத்து வருகிறது. எதிர் வீட்டுத் தங்கச்சி போன வாரம் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

முதலில், கடனின் முக்கியத் தகவல் அறிக்கையை (Key Facts Statement) தமிழில் கேள். 2024 அக்டோபர் 1-இலிருந்து எல்லா வங்கியும் நிதி நிறுவனமும் கடனின் எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டியை ஒரே தாளில், வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாள் இல்லாமல் கையெழுத்துப் போடாதே. எந்தெந்தக் கடனுக்கு இதுவரை வீடு ஈடாக இல்லை என்று ஒரு பேப்பரில் எழுதிப் பார். இரண்டு மூன்று வருடத்தில் தானே முடிகிற கடனை அதில் சேர்க்காதே. கார்டுக்குப் போகிற பணத்தை நேராகக் கார்டு கம்பெனிக்கே அனுப்பச் சொல், கார்டு ரத்தானதற்குக் கடிதம் வாங்கு. வட்டி ஏறினால் தவணையைக் கூட்டவா வருடத்தைக் கூட்டவா என்று உன்னிடம் கேட்கவேண்டும், 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையிலேயே அது இருக்கிறது. ரெப்போ 2025 டிசம்பரில் 5.25-க்கு இறங்கியும் எங்கள் வட்டி தானாக இறங்கவில்லை. இரண்டு முறை எழுதிக் கொடுத்த பிறகுதான் 12-லிருந்து 11.25 ஆனது.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ஒரு கோரிக்கை. பத்திரத்தை வாங்கும் முன், "இந்தக் கடன்களுக்கு இன்றுவரை உங்கள் வீடு ஈடு இல்லை, நாளையிலிருந்து ஈடு" என்ற ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதி, வீட்டுக்கு உரியவரின் கையெழுத்தை அதற்குக் கீழே தனியாக வாங்குங்கள். பத்திரம் பெண் பேரில் இருந்தால் அவரிடம் நேராகப் பேசுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்கள். என்னிடம் பேனாவை மட்டும்தான் கொடுத்தார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு கோரிக்கை. சுவாதீன அறிவிப்பு விளம்பரம், அதன் வாசகத்தில் நீங்கள் கைவைக்க முடியாது என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு அங்குலம் உங்கள் கையில்தான் இருக்கிறது. 60 நாள் நோட்டீஸுக்குப் பதில் எழுதலாம், 45 நாளுக்குள் தீர்ப்பாயம் போகலாம், இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம் என்ற மூன்று வரியைத் தினமும் போடுங்கள். அன்று காலை நான் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்து யாரிடம் போவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம். மகனுக்குப் பெண் பார்க்கிற நேரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
15 வேலம்பாளையம், திருப்பூர்.